கடைசி ஒன்றரை அடி: தென்னங்கட்டையும் செயின் சாவும்

இந்த எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. டெக் பேசல, வேலை மாறுறதப் பத்தி பேசல. மரத்தை வெட்டினதுக்கு அப்புறம் தரையில மிச்சம் நிக்குமே அடிக்கட்டை, அதைச் செயின் சா வச்சு மண்ணோட மட்டமா அறுக்கிறதப் பத்தி மட்டும் பேசப் போறேன். "இதுல பேச என்ன இருக்கு?"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு, 43 கட்டையை ஒவ்வொண்ணா அறுக்கிறதப் பக்கத்துல நின்னு பார்க்கிற வரைக்கும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. சென்னையில இருந்தவங்களுக்கு அது ஒரு நாள் செய்தி. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் போய்ப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அங்க லட்சக்கணக்குல தென்னை விழுந்தது. எங்க சித்தப்பா தோப்பு பேராவூரணி பக்கம்தான். நான் அப்போ இன்ஜினியரிங் மூணாவது வருஷம்.

புயலுக்கு அப்புறம் முதல் வேலை, விழுந்த மரத்தை அகற்றுறது. எங்கெங்கிருந்தோ செயின் சா ஆளுங்க வந்தாங்க. வேகம்தான் அங்க முக்கியம். பாதியில முறிஞ்சு நின்ன மரம், சாய்ஞ்சு தொங்கின மரம், எல்லாத்தையும் அறுத்துத் தள்ளினாங்க. எந்த உயரத்துல அறுத்தாங்க? முழங்கால் உயரத்துல. ஏன்னா அதுதான் ஒரு மனுஷன் முதுகு வளைக்காம மெஷினைப் பிடிக்கிற உயரம். அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு அத்தனை மரம் அறுக்கிறவர் ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சா சாயங்காலம் எந்திரிக்க முடியாது.

ஆனா அந்த முழங்கால் உயரக் கட்டை அப்படியே நின்னுடுச்சு. அடுத்த வருஷம் நான் லீவுக்குப் போறப்ப தோப்பு பார்க்க ஒரு மாதிரி இருக்கும். பிழைச்ச மரங்கள் அங்கங்க, நடுவுல வரிசை வரிசையா ஒன்றரை அடி, ரெண்டு அடிக் கட்டைங்க. அந்தக் கட்டைங்களுக்கு இடையில சித்தப்பா புதுக் கன்னு நட்டிருந்தார்.

இப்ப ஏன் இந்தக் கட்டையை எடுக்கணும்னு பார்க்கலாம். நிறைய பேர் நினைக்கிற மாதிரி அழகுக்காக இல்ல. டிராக்டர் ஓட்ட முடியலங்கிறது ஒரு காரணம், சரி. பெரிய காரணம் வண்டு.

காண்டாமிருக வண்டுன்னு ஒண்ணு இருக்கு. தலையில கொம்பு இருக்கும், அதான் அந்தப் பேரு. இது முட்டை போடுறது எருக்குழியிலயும், மக்கிப்போன தென்னை மரத்துலயும். புழு உள்ளேயே மாசக்கணக்குல மக்கினதைத் தின்னு வளரும். வண்டா வெளிய வந்ததும் உயிரோட இருக்கிற தென்னையோட குருத்தைத் துளைச்சு உள்ள போகும். அந்தக் குருத்து விரிஞ்சு மட்டையா வர்றப்ப கத்தரிக்கோல் வச்சு முக்கோணமா வெட்டின மாதிரி இருக்கும். வளர்ந்த மரம் அதைத் தாங்கிடும். ரெண்டு வயசுக் கன்னு தாங்காது. தென்னைக்கு உச்சியில இருக்கிற அந்த ஒரே ஒரு குருத்துதான் உயிர். அது போச்சுன்னா கன்னு போச்சு.

அதாவது, புயல் சாய்ச்ச மரத்தோட கட்டை, அந்த மரத்துக்குப் பதிலா நட்ட கன்னைக் கொல்ற வண்டுக்கு வீடா இருக்கு. சிவப்புக் கூன் வண்டுன்னு இன்னொண்ணு. அது புதுசா வெட்டின காயத்தோட வாசனைக்கு வரும். அப்புறம் தஞ்சாவூர் வாடல் நோய். அது கானோடெர்மாங்கிற பூஞ்சையால வர்றது, செத்த மரத்தோட தூர்லயும் வேர்லயும் தங்கி, மண் வழியா அடுத்த மரத்துக்குப் போகும். ஊர் பேரையே நோய்க்கு வச்சிருக்காங்கன்னா அந்தப் பக்கம் அது எவ்வளவு பழகின விஷயம்னு பார்த்துக்கோங்க.

அதனால சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "எல்லாக் கட்டையையும் தரையோட தரையா அறுத்து விட்டுடலாம்." கட்டைக்கு 200 ரூபாய்னு பேசி ஒரு அண்ணனை வரச் சொன்னார். அந்த அண்ணன் ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். கஜாவுக்கு மரம் அறுக்க வந்தவர், வேலை இருந்ததால இங்கேயே தங்கிட்டார்.

பக்கத்துத் தோப்புக்காரர் ஒருத்தர் வேற யோசனை சொன்னார். துளை போட்டுப் பெருங்காயத்தை வச்சு அடைச்சா கட்டை செத்துடுமாம். அந்த அண்ணன் சிரிச்சுட்டே, "அது செத்து ஒரு வருஷம் ஆச்சு ஐயா"ன்னார். [சிரிப்பு] உண்மைதான். தென்னை, பனை எல்லாம் வேம்பு மாதிரி கிடையாது. உச்சியை வெட்டினா அவ்வளவுதான், கீழ இருந்து துளிர்க்காது. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் கட்டை. அவர் மெஷினை ஸ்டார்ட் பண்ணினதுமே அறுக்கல. மண்வெட்டியை எடுத்து கட்டையைச் சுத்தி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி ஒதுக்கினார். அப்புறம் தென்னந்துடைப்பத்தால பெருக்கினார். அப்புறம் ஒரு குடம் தண்ணி ஊத்திக் கழுவினார். அறுக்கிறதுக்கு முன்னாடி கட்டைக்குக் குளியல்!

எதுக்குன்னு கேட்டேன். "தம்பி, இந்தச் செயினுக்கு மரம் எதிரி இல்ல. மண்ணுதான் எதிரி"ன்னார்.

அதைக் கொஞ்சம் விளக்கிடுறேன். செயின் சாவுல பல் பல்லா இருக்கிற சங்கிலி, பார்ங்கிற தகடைச் சுத்தி நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்துல ஓடும். அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல. ஒவ்வொரு பல்லோட முனையும் உளி மாதிரி கூரா இருக்கணும். ஒரு பிடி மணல் அதுல பட்டா, அந்த வேகத்துல, சில நொடியில அத்தனை பல்லும் மழுங்கிடும். மணல்ல இருக்கிறது குவார்ட்ஸ், எஃகுப் பல்லைத் தேய்க்கிற அளவுக்குக் கடினம். உங்க வீட்டுக் கத்தியை எடுத்து சிமெண்ட் தரையில தேய்ச்ச மாதிரிதான்.

மழுங்கிடுச்சுன்னு எப்படித் தெரியும்? கீழ விழுறதைப் பாருங்க. கூரா இருந்தா சீவல் சீவலா விழும். மழுங்கினா மாவு மாதிரி தூள் விழும். அப்புறம் மெஷினை அழுத்தணும்னு தோணும். நல்ல செயின் தானா மரத்துக்குள்ள இறங்கும், நீங்க தாங்கிப் பிடிச்சா போதும். அழுத்த ஆரம்பிச்சீங்கன்னா, நிறுத்திட்டு அரம் எடுக்க வேண்டிய நேரம்னு அர்த்தம். அந்த அண்ணன் மூணு கட்டைக்கு ஒரு தடவை உட்கார்ந்து வட்ட அரத்தால ஒவ்வொரு பல்லையும் ரெண்டு மூணு இழு இழுப்பார். ஒரே கோணம், சுமார் 30 டிகிரி, உள்ளயிருந்து வெளிய மட்டும். பார்க்கவே ஒரு தியானம் மாதிரி இருக்கும்.

தென்னையில இது இன்னும் மோசம். ரெண்டு காரணம். ஒண்ணு, தென்னைக்கு வைரம் நடுவுல கிடையாது, வெளிய இருக்கு. ஓரத்துல நார் கெட்டியா அடர்த்தியா இருக்கும், நடுவுல பஞ்சு மாதிரி. செயினோட முதல் சந்திப்பே கெட்டியான இடத்தோடதான். ரெண்டாவது காரணம் நான் அங்கதான் முதல் தடவையா பார்த்தேன். தென்னையோட தூர் கீழ போகப் போக அகலமாகும். தரை மட்டத்துல அது முழுசா மரமே கிடையாது. விரல் பருமன் வேருங்க ஆயிரக்கணக்குல அந்தத் தூர்ல இருந்து கிளம்பும். வேருக்கும் வேருக்கும் நடுவுல மண் நெருக்கி அடைச்சிருக்கும். நீங்க எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் உள்ள இருக்கிற மண் வெளிய வராது.

அதனால "தரையோட மட்டம்"னு சித்தப்பா சொன்ன அந்தக் கோட்டுல செயின் ஓடினா, அறுபடுறது பாதி வேர், பாதி மணல். அண்ணன் அறுத்தது தரைக்கு மூணு விரல் மேல. மிச்சத்தை மண்வெட்டியாலயும் கோடாலியாலயும் கொத்தி எடுக்கிறதுதான் முறைன்னு சொன்னார். இங்கதான் பிரச்னை ஆரம்பிச்சது.

சித்தப்பாவுக்கு அது பிடிக்கல. "என்னப்பா இது, மட்டமா அறுக்கச் சொன்னா மேடு விட்டிருக்க? ரோட்டவேட்டர் மாட்டிக்கும்ல?" அண்ணன் ஒண்ணும் பேசல. அடுத்த கட்டையில மண்ணைச் சரியா ஒதுக்காமலே இன்னும் தாழ்த்திப் பிடிச்சார். கட்டைக்கு 200 ரூபாய்தானே. மண் வெட்ட, கழுவ, கொத்தன்னு அரை மணி நேரம் போனா அவருக்கு நஷ்டம். செயின் தேய்ஞ்சாலும் அவருக்குத்தான் நஷ்டம்.

நான் அப்போ அவர் காலைப் பார்த்தேன். லுங்கியை மடிச்சுக் கட்டியிருந்தார், ரப்பர் செருப்பு. இடது கால் முன்னெலும்புல, கணுக்காலுக்கு ஒரு சாண் மேல, குறுக்கால ஒரு தழும்பு. டீ குடிக்கிறப்ப கேட்டேன். ஒரு புளியங்கட்டையைத் தாழ்த்தி அறுக்கிறப்ப, பின்பக்கம் மண்ணுக்குள்ள ஒரு கல் இருந்திருக்கு. பாரோட மூக்கு அதுல இடிச்சு மெஷின் திரும்பிடுச்சாம். "நான் பார்க்கலை தம்பி. ஈரமா இருந்துச்சு, அப்புறம்தான் பார்த்தேன்"னார். மூணு மாசம் வேலைக்குப் போகலையாம்.

இதைக் கிக்பேக்னு சொல்வாங்க. பாரோட மூக்குல மேல் பாதி இருக்கு பாருங்க, அது எதுலயாவது இடிச்சா, செயின் மரத்தை அறுக்கிறதுக்குப் பதிலா மெஷினையே எதிர்ப்பக்கம் தூக்கி எறியும். கண் இமைக்கிறதுக்குள்ள நடந்துடும், நம்ம கை சுதாரிக்க நேரமே இருக்காது. பாரைச் செங்குத்தா பிடிச்சு அறுக்கிறப்ப மெஷின் மேல நோக்கி, முகத்துப் பக்கம் வரும். அடிக்கட்டை அறுக்கிறப்ப பாரைப் படுக்க வச்சுப் பிடிக்கிறோம். அப்போ அது பக்கவாட்டுல சுத்தும். எந்த உயரத்துல? தரையில இருந்து நாலு விரல் உயரத்துல. அங்க என்ன இருக்கும்? கால் இருக்கும். அதுவும் மூக்கு கட்டைக்கு அந்தப் பக்கம் மறைஞ்சிருக்கும், கல் இருக்கா, பக்கத்துக் கட்டையோட வேர் இருக்கான்னு அறுக்கிறவருக்குத் தெரியாது.

அதனாலதான் அந்த மண்ணை ஒதுக்குற வேலை. அது செயினைக் காப்பாத்த மட்டும் இல்ல, காலையும் காப்பாத்தத்தான். செயின் சாவுக்குன்னு தனியா பேண்ட் இருக்கு. உள்ள நீளமான நார் அடுக்கு இருக்கும், செயின் பட்டா அந்த நார் சிக்கி மெஷினையே நிறுத்திடும். ஜீன்ஸ் அதைச் செய்யாது, லுங்கி கண்டிப்பா செய்யாது. அந்த அண்ணன்கிட்ட அது இல்ல. நான் பார்த்த மரம் அறுக்கிறவங்க யார்கிட்டயும் இல்ல.

சாயங்காலம் சித்தப்பாகிட்ட பேசினேன். எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் எல்லாம் இல்ல. "கட்டைக்கு இவ்வளவுன்னு பேசினா அவர் மண்ணை ஒதுக்க மாட்டார் சித்தப்பா. நாள் கூலியாப் பேசுங்க. குழி வெட்டுறதை நம்ம ஆளுங்க ரெண்டு பேர் முன்னாடியே செஞ்சு வைக்கட்டும்"னு சொன்னேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், கொஞ்சம் முணுமுணுத்தார். சித்திதான் முடிச்சு வச்சாங்க: "நம்ம தோப்புல ஒருத்தர் கால் போச்சுன்னா அந்தக் கணக்கை எங்க எழுதுவீங்க?"

மறுநாள்ல இருந்து ரெண்டு பேர் முன்னாடி போய் ஒவ்வொரு கட்டையைச் சுத்தியும் ஒரு முழ அகலத்துக்குக் குழி வெட்டிக் கழுவி வைக்க, அண்ணன் பின்னாடி அறுத்துட்டே வந்தார். ஒரு முட்டியை மண்ணுல ஊனி, பாரோட அடிப்பக்கத்தால, தன்கிட்ட இருந்து வெளிய இழுக்கிற மாதிரி. கட்டை பாரை விட அகலம், அதனால இந்தப் பக்கம் பாதி, சுத்தி வந்து அந்தப் பக்கம் பாதி. வெட்டுவாய் அமுங்கி பாரைக் கவ்வக்கூடாதுன்னு மர ஆப்பு ரெண்டு. இரும்பு ஆப்பு வைக்க மாட்டார், செயின் பட்டா அவ்வளவுதான். பெட்ரோல் ஊத்துறப்ப மெஷின் ஆறுற வரைக்கும் பீடி பத்த வைக்கக்கூடாதுன்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு அதட்டல் வேற.

சாப்பாட்டு நேரத்துல அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு இந்த எபிசோடே பண்ணத் தோண வச்சது.

அவர் ஊர்ல சின்ன வயசுல இருந்து அறுத்தது சீமைக் கருவேலம். கரிமூட்டத்துக்கு. சீமைக் கருவேலத்தை அங்க வேணும்னேதான் தரை ஒட்டி வெட்டுவாங்களாம். ஏன்னா வெட்டின இடத்துல இருந்து அஞ்சாறு கொம்பு புதுசா கிளம்பும். சில வருஷத்துல மறுபடி கரிக்கு ஆகும். அவங்களுக்கு அந்தக் கட்டை ஒரு சொத்து. தட்டையா வெட்டணும், சாய்வா வெட்டினா ஈட்டி மாதிரி நின்னு டயரையும் காலையும் குத்தும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, ஞாபகம் இருக்கா? கல்லூரிப் பசங்க எல்லாம் அரிவாளோட கிளம்பினாங்க. அப்போ இவர் ஊர்க் கண்மாயில மெஷினைக் கொண்டு வந்து எல்லாத்தையும் தரை மட்டமா அறுத்திருக்காங்க. பார்க்கச் சுத்தமா இருந்துச்சாம். ஒரு மழை. முன்ன ஒரு தண்டு இருந்த இடத்துல ஆறு தண்டு. "எங்களுக்கு விறகு வெட்டிக் குடுத்துட்டுப் போன மாதிரிதான்"னு சிரிச்சார். சீமைக் கருவேலத்துக்குத் துளிர் கிளம்புற மொட்டுங்க வேரும் தண்டும் சேர்ற இடத்துல, மண்ணுக்குக் கொஞ்சம் கீழ இருக்கு. அதுக்கும் கீழ தோண்டி எடுத்தாதான் அது போகும். தரை மட்டத்துல அறுக்கிறது அதுக்கு முடி வெட்டி விடுற மாதிரி.

ஆக ஒரே மெஷின், ஒரே வெட்டு. தென்னையில கட்டை செத்தாச்சு, ஆனா மண்ணுக்குள்ள இருக்கிற தூர் மக்கி வண்டுக்கும் பூஞ்சைக்கும் இடம் குடுக்கும். கருவேலத்துல கட்டை சாகவே இல்ல. ரெண்டுலயுமே மேல இருந்து பார்த்தா வேலை முடிஞ்ச மாதிரி தெரியும். நம்ம வேலையில புரொடக்‌ஷன்ல எரர் வந்தா, எரர் மெசேஜை மட்டும் மறைச்சு விடுவாங்களே சில பேர், அது ஞாபகம் வந்தது எனக்கு.

இதைச் சித்தப்பாவும் கேட்டுட்டு இருந்தார். அப்புறம்தான் அவர் திட்டமே மாறுச்சு. 43-ல கன்னுக்கும் பிழைச்ச மரத்துக்கும் ரொம்பப் பக்கத்துல இருந்தது 14 கட்டை. அதை அறுக்க வேண்டாம், ஜேசிபி வச்சுத் தூரோட பறிச்சுடலாம்னார். ஏன் எல்லாத்தையும் ஜேசிபியில எடுக்கலன்னா, வாடகை ஒரு பக்கம், சொட்டுநீர்க் குழாய் தோப்பு முழுக்க ஓடுது, வண்டி உள்ள போனா பாதி உடையும். அந்த 14-ஐப் பறிச்சு, வெயில்ல காய வச்சு, எரிச்சாங்க. குழியை உடனே மூடாம கொஞ்ச நாள் ஆற விட்டாங்க. ரெண்டு கட்டையைப் பிளந்தப்ப உள்ள வெள்ளையா, கட்டை விரல் தடிமன்ல, சுருண்ட புழுங்க. கோழிங்களுக்கு அன்னைக்கு விருந்து.

மிச்சம் 29-ஐ மூணு விரல் மேல அறுத்து, ஓரத்தைக் கோடாலியால கொத்தி, மண் போட்டு மூடினாங்க. வேளாண் துறை ஆலோசனைப்படி எருக்குழியில பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை கலந்து விட்டார் சித்தப்பா. அது வண்டுப் புழுவுக்கு நோய் வர வைக்கிற பூஞ்சை. தோப்புல அங்கங்க ஆமணக்குப் புண்ணாக்கு ஊற வச்ச பானைங்க, வண்டு அந்த வாசனைக்கு வந்து விழும்.

இப்ப நகரத்துல இருக்கிற உங்களுக்கு. 2016 டிசம்பர்ல வர்தா வந்தப்ப சென்னைத் தெருக்கள்ல எத்தனை மரம் விழுந்ததுன்னு பார்த்திருப்பீங்க. அப்போ அவசரத்துல அறுத்த கட்டைங்க சில நடைபாதையில அப்படியே நின்னுடுச்சு. உங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது "அதை மட்டமா அறுத்துடலாம்"னு சொன்னா, முதல்ல அது என்ன மரம்னு கேளுங்க. வேம்பு, பூவரசு, புங்கன் எல்லாம் கட்டையில இருந்து துளிர்க்கும். வேர் உறுதியா இருந்து, இடமும் இருந்தா, நல்ல ஒரு கொம்பை மட்டும் விட்டு மத்ததைக் கழிச்சா திரும்ப மரமாகும். புதுக் கன்னு நட்டு வளர்க்கிறதை விட வேகமா, ஏன்னா வேர் ஏற்கெனவே கீழ இருக்கு. நடைபாதையில இடிக்குது, எடுத்தே ஆகணும்னா சரி, ஆனா அது துளிர்த்துட்டே இருக்கும்னு தெரிஞ்சு எடுங்க.

நகரத்துக் கட்டையில மண்ணோட இன்னொரு எதிரியும் உண்டு: ஆணி. விளம்பரத் தட்டி அடிச்ச ஆணி, சீரியல் லைட் கட்டின கம்பி, பழைய மரக்கூண்டோட இரும்பு, எல்லாத்தையும் மரம் உள்ள விழுங்கி வச்சிருக்கும். வெளிய தெரியாது. வெட்டின முகத்துல நீலக் கறுப்பா கறை இருந்தா உள்ள இரும்பு இருக்க வாய்ப்பு உண்டு. பக்கத்துல மின்சாரக் கேபிள், தண்ணிக் குழாய் ஓடுதான்னு விசாரிக்காம குழி வெட்டவே ஆரம்பிக்கக்கூடாது.

இன்னொண்ணு. வாடகைக்குச் செயின் சா எடுத்து நாமே வீக்எண்ட்ல அறுத்துடலாம்னு ஒரு ஆசை வரும், யூடியூப் பார்த்தா இன்னும் வரும். நின்ன மரத்தை விட அடிக்கட்டை சுலபம்னு தோணும், விழுறதுக்கு ஒண்ணும் இல்லையே. முதல் தடவை மெஷினைத் தொடுறவங்க ஆரம்பிக்கக் கூடாத இடமே அதுதான். பார் தரையை ஒட்டி இருக்கு, மூக்கு கண்ணுக்குத் தெரியல, உங்க ரெண்டு காலும் அதே உயரத்துல இருக்கு. தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க. கூப்பிட்டா கட்டைக்கு இவ்வளவுன்னு பேரம் பேசாதீங்க, மண்ணை ஒதுக்கவும் அரம் போடவும் சேர்த்து நேரத்துக்குக் கூலி பேசுங்க. ஷூ இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா வாங்கிக் குடுங்க.

அந்த அண்ணன் இப்போ சொந்த ஊருக்கே போயிட்டார், மெஷின் ரெண்டாச்சாம். போன மாசம் பேசினப்ப செயின் சா பேண்ட் சென்னையில எங்க கிடைக்கும்னு விசாரிக்கச் சொன்னார், அவருக்கும் கூட வேலை செய்யிற பையனுக்கும். விலை விசாரிச்சு அனுப்பியிருக்கேன். இதைப் பயன்படுத்தின அனுபவம் உள்ளவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.